கிரைண்டர் செருப்பும் பச்சை வயரும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு உண்டு. வெளியே போட்டுக்கொண்டு போவதற்கு அல்ல, மாவாட்டும்போது மட்டும் போட்டுக்கொள்வதற்கு. வெறுங்காலோடு கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும். செருப்புப் போட்டிருந்தால் இழுக்காது. இதை ஒரு கோளாறு என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பால் பொங்கும், குக்கர் விசில் அடிக்கும், கிரைண்டர் சுர்ரென்னும், அவ்வளவுதான். பரமத்தி வேலூரில் இருக்கும் என் கணவரின் அக்கா வீட்டிலும் இப்படி ஒரு ஜோடி இருக்கிறது. வாசற்படிக்கு உள்ளே யாராவது செருப்போடு கால் வைத்தால் அவர் சண்டைக்கு வந்துவிடுவார். ஆனால் இதை மட்டும் அவர் செருப்பு என்று எண்ணுவதில்லை. அவரைப் பொறுத்தவரை அது கிரைண்டரின் ஒரு பாகம்.

அந்தச் செருப்பைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு சுவிட்ச்.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே இருக்கிறது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நீளமாக ஒரு நடைவழி. அதன் விளக்குக்கான சுவிட்ச் குளியலறைப் பக்கக் கோடியில் இருக்கிறது. அதாவது, இருட்டை முழுக்கக் கடந்து முடித்த பிறகுதான் வெளிச்சம் போட முடியும். வீட்டுக்குத் திட்டம் போட்டவர் என் கணவர். ஏன் இப்படி என்று கேட்டால், திரும்பி வரும்போது வசதியாக இருக்கும் என்பார்.

ஒருமுறை அந்த நடைவழியில் ஒரு தேளைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கை தட்டிக்கொண்டே போவேன். தேளுக்குக் காது உண்டா என்று தெரியாது. ஆனால் எனக்குத் தைரியம் வரும். கைதட்டல் கேட்டால் நான் குளியலறைக்குப் போகிறேன் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

என் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் ஊருக்கு வந்தாள். அப்பாவுக்குச் சட்டை வாங்கி வந்திருந்தாள். எனக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே ஆள் நடமாட்டத்தைக் கண்டால் தானே விளக்கைப் போடும் சுவிட்ச். பளபளவென்று எஃகுத் தகடு, நடுவில் மீன் கண் மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ், அதற்குக் கீழே கையால் அழுத்தவும் ஒரு பொத்தான்.

"இனிமேல் நீ கை தட்ட வேண்டாம்மா" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு உள்ளே இருந்த தாளை எடுத்துப் படித்தேன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். தாள் என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் கீழே வைக்க முடியாது. அதில் ஒரு மனிதன் சுவிட்சைத் தொடுவதும், அவன் மேல் மின்னல் பாய்வதுமாக ஒரு படம். படத்து மனிதனுக்கு முகம் வரையவில்லை. அதனால் எனக்கு வீட்டில் இருக்கும் எல்லாருடைய முகமும் அதில் தெரிந்தது. பக்கத்தில் தடித்த எழுத்தில், பச்சை வயரைக் கட்டாயம் எர்த்தில் இணைக்க வேண்டும், இணைக்காமல் பயன்படுத்தவே கூடாது என்று போட்டிருந்தது.

மாட்டுவதற்கு எலக்ட்ரீசியன் வந்தார். என் கணவர் போர்வெல் போட்டுக் கொடுக்கும் ஏஜெண்டு. அவர் போடும் போர்களுக்கெல்லாம் மோட்டார் கனெக்சன் கொடுப்பவர்தான் இவர். எதற்கும் கலங்காத மனிதர், எதையும் இரண்டாம் தடவை பார்க்காத மனிதர். பழைய சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் இல்லை என்றார். சாதாரண சுவிட்சுக்கு அது தேவையில்லை. இதற்கு இருபத்து நான்கு மணி நேரமும் கண் விழித்திருக்கக் கொஞ்சம் கரண்டு வேண்டும், அது திரும்பிப் போக ஒரு வழியும் வேண்டும். எர்த் வயரையே நியூட்ரலாகப் போட்டுவிட்டால் வேலை சுலபம், விளக்கு நன்றாக எரியும் என்று அவர் சொன்னார்.

நான் தாளை நீட்டினேன். எர்த் வயர் தினமும் கரண்டைச் சுமக்கக் கூடாது, எங்காவது தப்பு நடந்தால் அதை வாங்கிக்கொண்டு போய் மண்ணில் விடத்தான் அது காத்திருக்கிறது என்று அதில் படித்ததை அப்படியே சொன்னேன். எலக்ட்ரீசியன் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு முணுமுணுக்காமல் ஃபேன் சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்து வந்தார் எலக்ட்ரீசியன்.

அடுத்து பச்சை வயரை மடித்துக் கட்டிங் பிளேயரை அதில் வைத்தார்.

"அதையும் கட்டுங்க" என்றேன்.

"இது கம்பெனிக்காரன் சும்மா வெக்கறதுங்கக்கா. எவனும் கட்ட மாட்டானுங்க."

"தகடு இரும்புங்க. குளிச்சுப்போட்டு ஈரக் கையில தொடறது எம் புள்ளதானுங்க."

பக்கத்துப் பிளக் பாயிண்டிலிருந்து எர்த்தைக் கொண்டுவந்து பச்சை வயரோடு முறுக்கினார். நான் விடவில்லை. நம் வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இதற்குப் பதில் சொன்னவர் என் கணவர்.

"நம்ம ஊட்டு எர்த்தா? போர் பைப்புல கட்டியிருக்குது அம்மிணி. ஆயிரம் அடி கீழ போகுது. கலெக்டர் ஆபீசுல கூட இப்பிடி எர்த் கெடையாது."

எங்கள் ஊர்க்காரர்கள் போர் என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது. இங்கிருந்து ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய்ப் பூமியைத் துளைக்கின்றன. பூமியைப் பற்றிய சங்கதி எல்லாம் எங்கள் ஊருக்கே சொந்தம் என்று ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு உண்டு. ஆயிரம் அடி என்றதும் நிம்மதியாகிவிட்டேன். எலக்ட்ரீசியன் வெளியே போய்ப் போர் பைப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பைப்பு வெள்ளிப் பெயிண்டில் மின்னுகிறது, கிளாம்பு போட்டு இறுக்கியிருக்கிறது, பக்காவாக இருக்கிறது என்றார்.

அந்த வாரம் வீடு திருவிழா மாதிரி இருந்தது. நான் போனால் விளக்கு எரிந்தது. பூனை போனாலும் எரிந்தது. என் கணவருக்கு மட்டும் பாதி வழியில் அணைந்துவிடும். அவர் நடைவழியில் நின்றபடி போனில் வாட்ஸ்அப் பார்ப்பவர். ஆடாமல் அசையாமல் நிற்கும் ஆளை அந்தச் சுவிட்ச் சுவர் என்று முடிவு செய்துவிடும். இருட்டுக்குள்ளிருந்து "இந்தா, நான் இருக்கறனில்ல" என்று சுவிட்சிடம் அவர் சொல்வது கேட்கும். கையை ஆட்டினால் எரியும் என்று மகள் போனில் சொல்லிக்கொடுத்தாள். வீடு கட்டினவன் நான், சுவிட்சுக்குக் கும்பிடு போட்டுத்தான் பாத்ரூம் போக வேண்டுமா என்று அவர் கோபித்துக்கொண்டார். ஆனாலும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிரைண்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு மாவாட்டிக்கொண்டிருந்தேன். வார விடுமுறைக்கு வந்திருந்த மகள் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தாள். விளக்குதான் தானாகவே அணையுமே, ஆனாலும் பழக்க தோஷம், அணைக்கப் பொத்தானை அழுத்தப் போயிருக்கிறாள். ஈரக் கை, ஈரக் கால்.

ஒரு சத்தம் கேட்டது. கத்தல் என்று சொல்ல முடியாது, விக்கலுக்கும் கத்தலுக்கும் நடுவில் ஒன்று. அதைத் தொடர்ந்து வாளி உருளும் சத்தம். நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடியபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் வாங்கிக் குடுத்த சுவிட்சு என்னையவே அடிக்குது."

நான் அவளைத் தொடாமல் முதலில் மெயினை இறக்கினேன். அதைச் சரியாகத்தான் செய்தேன். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். வாசலிலிருந்து என் கணவர், கரண்டு போச்சா, பக்கத்து வீட்டிலெல்லாம் இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

எலக்ட்ரீசியன் வந்தார். மெயினைப் போட்டார். தகட்டில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரியவில்லை. என் கணவர் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் தொட்டார். பிறகு தகட்டின் மேல் சாய்ந்தே நின்றார். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்ததில் உடம்பு சிலிர்த்திருக்கும் என்று இரண்டு பேரும் தீர்மானித்தார்கள். மகள் வெந்நீரில்தான் குளித்தாள் என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

எனக்கு மனசே ஆறவில்லை. ஆனால் பாதி அரைந்த மாவு வெக்கையில் புளித்துக்கொண்டிருந்தது. போய்க் கிரைண்டரைப் போட்டேன். அதே நேரத்தில், ஷாக்கெல்லாம் அடிக்காது என்று மகளுக்குக் கடைசியாக ஒருமுறை நிரூபிக்க, என் கணவர் தகட்டில் உள்ளங்கையை வைத்தார்.

அவர் அவ்வளவு உயரம் குதிப்பார் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. கீழே வந்ததும், கொசு கடித்துவிட்டது என்றார்.

"கொசுவுங்களா அப்பா?" என்றாள் மகள். "பெரிய கொசுவாட்ட இருக்குதுங்களே."

அதற்குப் பிறகு அவள்தான் விசாரணையை நடத்தினாள். எலக்ட்ரீசியன் டெஸ்டரைத் தகட்டில் வைத்திருக்க, அவள் நடைவழியிலிருந்து, போடு என்றால் நான் கிரைண்டரைப் போட்டேன், நிறுத்து என்றால் நிறுத்தினேன். போட்டால் டெஸ்டர் எரிந்தது. நிறுத்தினால் அணைந்தது. சமையலறையில் மாவு ஆடினால் குளியலறைச் சுவரில் ஷாக் அடிக்கிறது. கிரைண்டர் மோட்டாருக்குள் மாவுத் தண்ணீர் இறங்கியிருக்கும், அதுதான் கசிகிறது என்றார் எலக்ட்ரீசியன். எர்த் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆயிரம் அடி அல்லவா.

கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மகள் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். வாரம் தவறாமல் வருகிறவள், வியாழக்கிழமை போன் செய்து இந்த வாரம் வரவில்லை என்றாள். வேலை அதிகம் என்றாள். பேச்சோடு பேச்சாக, ஹாஸ்டல் பாத்ரூம் பரவாயில்லை, சுவிட்செல்லாம் பிளாஸ்டிக் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் வீட்டில் ஈரக் கையோடு நடக்க என் மகளுக்குப் பயம். அந்தப் பயம் போகாமல் அவள் வர மாட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

பயந்தவர்கள் செய்வதையெல்லாம் செய்தேன். கடைக்குப் போய் எல்லாருக்கும் ரப்பர் செருப்பு வாங்கி வந்தேன். கிரைண்டர் கசிந்தால் ஃபிரிட்ஜும் கசியலாம், வாஷிங் மெஷினும் கசியலாம். வீட்டுக்குள் வெறுங்காலோடு யாரும் நடக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். சனிக்கிழமை என் கணவரின் அக்கா ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் கையில் நான் ஒரு ஜோடி புதுச் செருப்பைக் கொடுத்தேன். அவர் என் காலைப் பார்த்தார், தம்பி காலைப் பார்த்தார், பூஜை அறைப் பக்கம் பார்த்தார்.

"ஏஞ்சாமி, ஊடே கிரைண்டராயிப் போச்சா?" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அது உள்ளே தைத்தது. ஆமாம், அப்படித்தான் ஆகியிருக்கிறது. கிரைண்டருக்கு மட்டும் இருந்த செருப்பு வீட்டுக்கே வந்துவிட்டது. கிரைண்டர் கசிவது இன்றைக்கு நேற்றைக்கு அல்ல. பத்திரமாக மண்ணுக்குப் போயிருந்தால் அது ஏன் இத்தனை காலம் என் காலைத் தேடியது?

மறுநாள் காலை பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். செருப்போடுதான். நடைவழிச் சுவிட்சிலிருந்து பிளக் பாயிண்ட், அங்கிருந்து மீட்டர் போர்டு, அங்கிருந்து சுவர் ஓட்டைக்குள் புகுந்து வெளியே, காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போய்ப் போர் பைப்பில் முடிந்தது. அங்கே புதுக் கிளாம்பில் அழகாக இறுக்கியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய போர் வற்றிப்போய்ப் புதுப் போர் போட்டபோது, என் கணவரே பழைய இரும்புப் பைப்பிலிருந்து வயரை அவிழ்த்து இதில் கட்டினார். வாடிக்கையாளர்கள் வந்தால் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வெள்ளிப் பெயிண்டும் அடித்தார்.

அவர் பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். சேந்தமங்கலம் பக்கம் யாரோ போர் போடக் கேட்டிருந்தார்கள்.

"இரும்புக் கேசிங் பைப்பெல்லாம் இப்ப யாருங்க எறக்கறா? பி.வி.சி. தானுங்க. துருப்புடிக்காது, ஒண்ணும் ஆவாது. நம்ம ஊட்லயே அதுதானுங்க எறக்கியிருக்கறன்."

நான் பைப்பைப் பார்த்தேன். சாவிக்கொத்தால் தட்டினேன். டொக் என்றது.

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். நான் இன்னொருமுறை தட்டினேன்.

"ஏனுங்க, பிளாஸ்டிக்குல கரண்டு போவுமுங்களா?"

அவர் பைப்பைப் பார்த்தார். கிளாம்பைப் பார்த்தார். பைப்பு பிளாஸ்டிக் என்பது அவருக்குத் தெரியும், எர்த்தைப் பைப்பில் கட்டினோம் என்பதும் தெரியும். இந்த இரண்டு சங்கதியும் ஒரே தலைக்குள் இரண்டு வருடம் ஒன்றையொன்று சந்திக்காமல் குடியிருந்திருக்கின்றன. மெதுவாகப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். அங்கிருந்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஆனா ஆழமா போவுது அம்மிணி."

எலக்ட்ரீசியன் திரும்ப வந்தார். ஒரு பல்பின் ஒரு வயரைக் கரண்டிலும் மற்றதை எங்கள் எர்த்திலும் வைத்துக் காட்டினார். பல்பு எரியவில்லை. எர்த் மண்ணைத் தொட்டிருந்தால் எரிந்திருக்கும். தான் பெயிண்டைத்தான் பார்த்தேன், பைப்பைப் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். விஷயம் இதுதான். கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், புதுச் சுவிட்சின் தகடு எல்லாவற்றின் உடம்பையும் ஒரே எர்த் வயர் கோத்து வைத்திருக்கிறது. அதன் நுனி மண்ணில் இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். நுனி அந்தரத்தில் இருந்தால், கிரைண்டர் கசிவதை எல்லாத் தகட்டுக்கும் பங்கு வைத்துக் கொடுக்கும். அந்தப் பங்கில் ஒன்றைத்தான் என் மகள் கையில் வாங்கினாள்.

எலக்ட்ரீசியன் பச்சை வயரை வெட்டிவிட நான் விட்டிருந்தால் தகடு சும்மா இருந்திருக்கும். கட்டச் சொன்னவள் நான். சரியானதைத்தான் சொன்னேன், தாளில் போட்டிருந்ததைத்தான் சொன்னேன், அப்படியும் கிரைண்டரைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டேன். வெட்டியிருந்தால் வேறொரு நாள் ஃபிரிட்ஜ் கதவில் தெரிந்திருக்கும் என்றார் எலக்ட்ரீசியன், ஆறுதலாக. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

எர்த் குழியை என் கணவரே தோண்டினார். ஆள் வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. எங்கள் மண் மேலே செம்மண், இரண்டடி தாண்டினால் சுக்கான் பாறை. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் எகிறித் திரும்பி வந்தது. தெருவில் போனவர்களெல்லாம் ரிக் வண்டிக்காரர்கள். ஒவ்வொருவரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். என்னங்க, ரிக்குக்கு டீசல் தீந்துபோச்சுங்களா என்று ஒருவர். தண்ணி எத்தனை அடியில எதிர்பார்க்கறீங்க என்று இன்னொருவர். அவர் கடப்பாரையைக் கீழே வைக்காமல் தோண்டினார். நான் இஸ்திரிக் கடையிலிருந்து அடுப்புக்கரியும் மளிகைக் கடையிலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பும் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டம்மா மூட்டையைப் பார்த்துவிட்டு, எந்த விசேஷத்துக்கு ஊறுகாய் போடுகிறோம் என்று கேட்டார்.

ஓட்டை போட்ட இரும்புப் பைப்பைக் குழியில் நிறுத்தி, ஈரம் காயாமல் இருக்கச் சுற்றிலும் கரியும் உப்பும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றினோம். பைப்பைக் குழியில் இறக்குவதற்கு முன்னாலேயே நான் அதைச் சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்தேன். ணங் என்றது. எலக்ட்ரீசியன் வயரைக் கட்டிவிட்டுப் பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மீட்டர் போர்டில் ஒரு டிரிப்பரும் மாட்டினார். கொஞ்சம் கசிந்தாலே அது மொத்தக் கரண்டையும் நிறுத்திவிடும். கிரைண்டரைப் போட்டுப் பார்த்தோம், டப்பென்று வீடு முழுக்க அணைந்தது. கிரைண்டர் அன்றே மோட்டார் கட்டுகிற கடைக்குப் போனது.

அது திரும்பி வந்த அன்று மகளுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வாரேன் என்றாள், குரலில் ஒரு இழுவையோடு.

வெள்ளிக்கிழமை காலை நான் தலைக்குக் குளித்தேன். கூந்தலைத் துவட்டவில்லை. சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு நடைவழிக்கு வந்தேன். சமையலறையில் என் கணவர் கிரைண்டரைப் போட்டுவிட்டு, ஒரு கை மெயின் சுவிட்சில் இருக்க, கிரைண்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் காலுக்கு அது பத்தவில்லை. முன்பே டெஸ்டர் வைத்துப் பார்த்தாயிற்று, எலக்ட்ரீசியனும் தொட்டுப் பார்த்துவிட்டார், இது தேவையே இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தேவையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முதலில் புறங்கையை வைத்தேன். பிறகு உள்ளங்கையை முழுசாகப் பதித்தேன். எஃகு சில்லென்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"என்னாச்சு அம்மிணி?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். பஸ் தூசி போகக் குளித்தாள். நான் சமையலறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்து வெளியே வந்தவள், கோயம்புத்தூரில் யாரோ தோழிக்குப் பூனை வாங்கிக் கொடுத்த கதையை அங்கிருந்தே எனக்குச் சொல்லிக்கொண்டே, ஈர விரலால் பொத்தானை ஒரு அழுத்து அழுத்தினாள். விளக்கு அணைந்தது. அவள் கதையை நிறுத்தவே இல்லை. எதை அழுத்தினோம் என்றுகூட அவள் கவனிக்கவில்லை. என் கையிலிருந்த செருப்பைப் பார்த்து, இது எதுக்கும்மா என்று கேட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

நான் நடைவழிக்குள் போய் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எரிந்தது. அங்கேயே நின்றேன். அவள் கதை கூடத்தில் தொடர்ந்துகொண்டிருந்தது, அவள் அப்பா சிரிப்பதும் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. அசையாமல் நின்றிருக்கிறேன் போல, சுவிட்ச் என்னையும் சுவர் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டது.

கூடத்திலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "அம்மிணி, இருட்டுல என்ன பண்ற? கையை ஆட்டு."

நான் கை தட்டினேன். விளக்கு எரிந்தது.